தெளிந்த சூப்புக்கு மூன்று ஞாயிறு

புடாபெஸ்டில் நான் குடியிருப்பது பழைய கட்டடம். நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் அதைச் சுற்றி இரும்புக் கைப்பிடி போட்ட நடைக்கூடம். எல்லோர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அந்த நடைக்கூடத்தைப் பார்த்துத்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படியேறினால் எந்த வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே வாசனைதான். கோழி, கேரட், மண்வாசம் கலந்த ஏதோ ஒரு வேர்.

அதுதான் ஹூஷ்லெவெஷ். ஹூஷ் என்றால் இறைச்சி, லெவெஷ் என்றால் சூப். பெட்டைக்கோழியில் செய்தால் ட்யூக்ஹூஷ்லெவெஷ். ஹங்கேரியில் ஞாயிறு மதியச் சாப்பாடு இதில்தான் தொடங்கும். கல்யாணப் பந்தியிலும் முதலில் வருவது இதுதான். கிராமங்களில் பிள்ளை பெற்றவளுக்கு ஞானத்தாய் கொண்டுபோய்க் கொடுக்கும் சாப்பாட்டிலும் இது இருந்திருக்கிறது. சூப் என்றதும் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கியது நமக்கு ஞாபகம் வரும். இது அப்படியில்லை. சாப்பிடும் தட்டின் அடியில் பூ வரைந்திருந்தால் அந்தப் பூ சூப்புக்குள் தெரிய வேண்டும். மேலே கொழுப்பு சின்னச் சின்னப் பொன் வட்டங்களாக மிதக்க வேண்டும். இந்தத் தெளிவு எனக்குக் கைகூட மூன்று ஞாயிறு ஆனது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

முதலில் கேட்டது ஜனவரி ஒன்றாம் தேதி. கீழ்வீட்டு நேனியை நடைக்கூடத்தில் பார்த்து "சோகொலோம்" என்றேன். வயதான பெண்களுக்கு ஆண்களும் குழந்தைகளும் சொல்லும் வணக்கம் அது. கையை முத்தமிடுகிறேன் என்று அர்த்தம். நேனி என்பது அத்தை, பாட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு முறைப்பெயர், உறவு இல்லாதவர்களுக்கும் பொருந்தும். இன்றைக்குக் கோழி சூப் வைக்கலாம் என்றிருக்கிறேன், எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. "புத்தாண்டு அன்றைக்கா? கூடவே கூடாது மகனே. கோழி பின்பக்கமாகக் கிளறும். உன் அதிர்ஷ்டத்தையெல்லாம் கிளறி வெளியே எறிந்துவிடும்." அன்றைக்குப் பன்றியும் பயறும்தான். பன்றி மூக்கால் முன்னே தள்ளும், பயறு காசு மாதிரி பெருகும். சரி என்று பயறு வாங்கி வேகவைத்துச் சாப்பிட்டேன். கோழி அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போனது.

முதல் ஞாயிறு

நேனியிடம் மறுபடி கேட்கவில்லை. கோழி ரசம் வைக்கத் தெரிந்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பெரிய கடையில் 1.3 கிலோ பிராய்லர் கோழி, ஒரு கட்டு கேரட், வெங்காயம், ஒரு பாக்கெட் மெல்லிய நூடுல்ஸ். எல்லாவற்றையும் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, தீயைக் கூட்டி வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் தளதளவென்று கொதித்தது. கடைசியில் நூடுல்ஸையும் அதிலேயே கொட்டினேன்.

வந்தது அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஒரு குழம்பல். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் ஊறி, பாதி சூப்பை உறிஞ்சிக்கொண்டது. நெஞ்சுக்கறி நார் நாராக உலர்ந்திருந்தது. ருசி மோசமில்லை, ஆனால் இது அந்தச் சூப் இல்லை.

ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு நேனியிடம் போனேன். அவர் குடிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். "ஸவரோஷ்" என்றார். கலங்கியிருக்கிறது. அப்புறம் என்ன கோழி, எவ்வளவு தீ, நூடுல்ஸை எங்கே வேகவைத்தாய் என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் என் பதிலைக் கேட்டுவிட்டு மூன்று விரலை மடக்கினார்.

கோழியில் இருந்தது முதல் தவறு. இவர்களுக்கு இரண்டு கோழி உண்டு. சிர்கே என்பது இளங்கோழி, வறுக்கவும் பொரிக்கவும். ட்யூக் என்பது முட்டையிட்ட முதிர்ந்த பெட்டை, சூப்புக்கு. கிழட்டுக் கோழியில்தான் நல்ல சூப் என்று ஒரு பழமொழியே ஹங்கேரிய மொழியில் இருக்கிறது. அதில் காரணமும் இருக்கிறது. ஆறு ஏழு வாரத்தில் அறுக்கப்படும் பிராய்லரின் சதையில் இணைப்புத்திசு இளசு, சீக்கிரம் கரைந்து முடிந்துவிடும்; சூப்புக்குக் கொடுக்க அதனிடம் அதிகம் இருக்காது. ஒரு வருடத்துக்கு மேல் நடமாடிய பெட்டையின் தசையிலும் தோலிலும் கொலாஜன் முதிர்ந்திருக்கும். மூன்று நான்கு மணி நேரம் மெதுவாக வெந்தால் அது ஜெலட்டினாகி, வாயில் ஒட்டும் ஒரு கனத்தைக் கொடுக்கும். தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்தான் பொன் வட்டங்களும் வாசனையும் இருக்கின்றன.

இரண்டாவது தீ. இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால், நீரில் கரையும் புரதம் முதலில் வெளியே வந்து, சூடு ஏற ஏறத் திரண்டு, சாம்பல் நுரையாக மேலே மிதக்கும். அதை வழித்து எடுத்துவிடலாம். கொதிநீரில் போட்டால் அது திரளாமல் பொடிப்பொடியாக நீர் முழுக்கப் பரவும். அதற்குமேல் தளதளவென்று கொதித்தால் கொழுப்பும் நுண்துளிகளாக உடைந்து நீரில் கலந்துவிடும். பால் வெள்ளையாகத் தெரிவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும். ஒருமுறை அப்படிக் கலந்துவிட்டால் அப்புறம் எவ்வளவு வடிகட்டினாலும் போகாது.

நூடுல்ஸ் மாவு கரைந்தது மூன்றாவது தவறு. அதைத் திருத்துவது சுலபம்: வேறு பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும்.

நேனி சொன்ன ஒரு சொல் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் சூப் கொதிக்கக் கூடாது, முத்துவிட வேண்டும் என்றார். ஹங்கேரியில் இதற்கென்றே வினைச்சொல் வைத்திருக்கிறார்கள், முத்து என்ற சொல்லிலிருந்து வந்தது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று குமிழ் முத்து முத்தாக எழுந்து உடைய வேண்டும். மேற்பரப்பு உருளக் கூடாது.

அடுப்பைச் சரிசெய்தது

சொல்லும்போது சுலபம். என் வீட்டு எரிவாயு அடுப்பில் மிகச் சின்ன பர்னரை மிகக் குறைவாக வைத்தாலும் பெரிய பாத்திரம் இருபது நிமிடத்தில் உருளத் தொடங்கிவிடும். வெறும் தண்ணீர் வைத்து ஒரு மாலை முழுவதும் சோதித்துப் பார்த்தேன். மூடி முழுக்க மூடினால் 99 டிகிரி. பாதி திறந்தால் 97. இன்னும் குறைத்தால் காற்றில் தீ அணைந்துவிடுகிறது.

கடைசியில் கை கொடுத்தது ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல். கல்லை பர்னர் மேல் வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்தேன். தீ நேராக அடியில் படாமல் கல் முழுக்கப் பரவி, பாத்திரம் சமமாகச் சூடானது. மூடியை ஒரு மரக்கரண்டி இடுக்கி ஒரு விரல் அளவு திறந்து வைத்ததும் வெப்பமானி 92க்கும் 94க்கும் நடுவில் நின்றது. அரை மணிக்கு ஒருமுறை பார்த்தேன், அசையவில்லை. மெல்லிய தீ இல்லாத அடுப்பு வைத்திருப்பவர்கள் வேறு எதுவும் வாங்க வேண்டாம். கனமான கல் ஒன்று போதும். ஆனால் நான்-ஸ்டிக் கல் வேண்டாம், வெறும் இரும்பாக இருக்கட்டும்.

இரண்டாம் ஞாயிறு

சனிக்கிழமை காலையிலேயே லெஹெல் சந்தைக்குப் போனேன். கோழிக் கடைகளில் ட்யூக் என்று கேட்டால் தனியாக எடுத்துக் கொடுக்கிறார்கள். 1.9 கிலோ, காலோடும் கழுத்தோடும். தோல் நல்ல மஞ்சள். வீட்டில் வெட்டும்போது வயிற்றுக்குள் ஓடு கட்டாத முட்டைகள் சரம் சரமாக இருந்தன. நெல்லிக்காய் அளவிலிருந்து கடுகு அளவு வரை ஒன்றன்பின் ஒன்றாக. ஊரில் சின்ன வயதில் இதற்காக அண்ணனும் நானும் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இங்கேயும் பிள்ளைகள் அதற்குத்தான் போட்டி போடுவார்களாம்.

காய்கறிப் பக்கம் சூப்புக்கென்றே கட்டிவைத்த கட்டு கிடைக்கும். கேரட், வெள்ளை வேர், செலரிக் கிழங்கில் ஒரு துண்டு, நூல்கோல், பார்ஸ்லி இலை. நான் கட்டு வாங்காமல் தனித்தனியாகப் பொறுக்கினேன். அங்கேதான் பிழைத்துப் போயிருக்கலாம், போகவில்லை.

வெள்ளை வேர் என்பது பார்ஸ்லியின் வேர். முள்ளங்கி மாதிரி வெளுப்பாக, கேரட் உருவத்தில் இருக்கும். இந்தச் சூப்பின் வாசனையில் பாதி இதுதான். இதே உருவத்தில் பஸ்டெர்னாக் என்று இன்னொரு வேரும் பக்கத்திலேயே குவித்திருப்பார்கள். அது பெரியது, கொழுகொழுவென்று இருக்கும், விலையும் மலிவு. நான் அதைத்தான் எடுத்துவந்தேன்.

ஞாயிறு காலை எல்லாம் சரியாக நடந்தது. பச்சைத் தண்ணீர், மெல்லிய சூடு, நுரை எடுத்தது, தோசைக்கல். மதியம் சூப் தெளிந்து, தேநீர் நிறத்தில் பளபளத்தது. வாயில் வைத்தால் தித்திப்பு. கேரட்டும் பஸ்டெர்னாக்கும் சேர்ந்து கோழியின் ருசியை அமுக்கிவிட்டன. உப்பு கூட்டினேன், மிளகு கூட்டினேன், தித்திப்பு அப்படியே நின்றது. காய்களும் குழைந்துவிட்டன, ஆரம்பத்திலிருந்தே கோழியோடு போட்டது தப்பு.

நேனி இந்த முறை குடித்தார். பாராட்டாகத் தலையசைத்துவிட்டு, மிச்சமிருந்த வேரைக் காட்டச் சொன்னார். கையில் வாங்கி அதன் தலைப்பக்கத்தைக் காட்டினார். பஸ்டெர்னாக்கில் இலை முளைக்கும் இடம் குழிவாக உள்ளே இறங்கியிருக்கும், சுற்றிலும் ஒரு தோள் மாதிரி எழும்பியிருக்கும். பார்ஸ்லி வேரில் அந்த இடம் மேடாக வெளியே எழும்பியிருக்கும். முகர்ந்தாலும் தெரியும்: ஒன்று இனிப்பு, மற்றது பச்சிலைக் காரம். உள்ளூர்க்காரர்களே ஏமாந்துபோவதுண்டு என்றார். இதைச் சந்தையில் இரண்டு நொடியில் பார்த்துவிடலாம். பார்க்காததால் நான்கு மணி நேரச் சூப்பின் ருசி கெட்டது.

நாக்குக்கு ஒரு அளவுகோல் வேண்டும் என்று அந்த வாரம் ஒரு உணவகத்துக்குப் போனேன். பட்டியலில் இருந்த பெயர் ஊய்ஹாஸி ட்யூக்ஹூஷ்லெவெஷ். ஊய்ஹாஸி எதெ 19ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற நாடக நடிகர், டெப்ரெட்சென் ஊரில் பிறந்தவர், புடாபெஸ்டின் தேசிய அரங்கில் நடித்தவர். நகரப் பூங்காவில் இருந்த வம்பெடிச் உணவகத்தில் அவர் கேட்டுச் செய்யவைத்த சூப் என்று கதை சொல்கிறார்கள். அந்த உணவகத்தைத்தான் 1910இல் குண்டெல் காரோய் எடுத்து நடத்தி, பிறகு குண்டெல் என்றே பெயராக்கினார். ஊய்ஹாஸியின் சூப்பில் முதலில் போட்டது பெட்டை இல்லை, சேவல் என்றும் ஒரு பேச்சு உண்டு. இன்றைக்கு அந்தப் பெயரில் வருவது பெட்டைக்கோழித் துண்டுகள், பச்சைப் பட்டாணி, காளான், மெல்லிய நூடுல்ஸ் எல்லாம் நிறைந்த ஒரு முழுச் சாப்பாடு. நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது நடைக்கூடத்து வாசனை. அதில் பட்டாணி கிடையாது. உணவகத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தித்திப்பு பின்னால் மெதுவாக வர வேண்டும், முதலில் நாக்கைத் தொடுவது கோழியாக இருக்க வேண்டும்.

மாவு பிசைந்த சனி

மூன்றாம் ஞாயிற்றுக்கு நூடுல்ஸையும் கையால் செய்வது என்று முடிவு. கடையில் உலர்ந்த நூடுல்ஸ் பாக்கெட்டில் 4 முட்டை, 8 முட்டை என்று போட்டு விற்கிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு எத்தனை முட்டை என்ற கணக்கு. வீட்டில் அந்தக் கணக்கு இல்லை. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. மாவு பி.எல். 55 என்று எழுதியிருக்கும் சாதாரண வெள்ளைக் கோதுமை மாவு, நம் மைதாவுக்குக் கிட்டத்தட்ட.

300 கிராம் மாவு, 3 முட்டை. பலகையில் மாவைக் குவித்து நடுவில் குழி பறித்து முட்டையை உடைத்து ஊற்றினேன். முதல் ஐந்து நிமிடம் சேரவே சேராது. உதிர் உதிராக, விரிசல் விட்டு, இது ஆகாது என்று தோன்றும். சப்பாத்தி பிசைந்து பழகிய கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடியது. நேனி பக்கத்திலேயே நின்றார், சொம்பை நகர்த்தி வைத்துவிட்டார். "பிசை. கைச்சூட்டில் சேரும்." பத்தாவது நிமிடத்தில் சேர்ந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் மாவு வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் மெதுவாக மேலெழுந்தது. உள்ளங்கை வலித்தது உண்மை. தண்ணீர் சேர்த்தால் மாவு சீக்கிரம் இளகும், ஆனால் வெந்த பிறகு நூடுல்ஸ் தளர்ந்து, சூப்பில் பசை விடும். முட்டை மட்டும் சேர்த்த மாவு வெந்தும் விறைப்பாக, கடிக்க இதமாக இருக்கும். ஈரத்துணி போர்த்தி அரை மணி நேரம் விட்டேன்.

பாதி மாவில் நூல் நூடுல்ஸ். ட்ஸேர்னமெடேல்ட் என்பார்கள், ட்ஸேர்னா என்றால் தையல் நூல். பலகையின் மரவரி தெரியும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, துணிமேல் இருபது நிமிடம் காயவிட வேண்டும். இந்த இருபது நிமிடம் முக்கியம். ஈரமாகச் சுருட்டி நறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். அதிகம் காய்ந்தால் சுருட்டும்போதே உடையும். தொட்டால் மெல்லிய தோல் மாதிரி இருக்கும் நேரத்தில் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, அகலக் கத்தியால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நறுக்கினேன். முதல் சுருளில் நூலும் நாடாவும் கலந்தே வந்தன. மூன்றாவது சுருளில் கை ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது.

மீதிப் பாதியில் சிகதேஸ்தா. சிகா என்றால் நத்தை. கல்யாண சூப்பில் போடுவது இந்த நத்தை நூடுல்ஸைத்தான். அதற்கு முன் வாரங்களில் ஊர்ப் பெண்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, பாட்டும் பேச்சுமாக உருட்டி, உலர்த்தி வைப்பார்கள். நேனியிடம் அதற்கான பலகை இருந்தது. உள்ளங்கை அளவு மரத்துண்டு, குறுக்கே நெருக்கமான வரிப்பள்ளங்கள், கூடவே கதிர் மாதிரி ஒரு மெல்லிய மரக்குச்சி. அவருடைய பாட்டி காலத்தில் நெசவுத் தறியில் இழைகளைப் பிரிக்கும் நாணல் சீப்பில் ஒரு துண்டை எடுத்து அதில் உருட்டியிருக்கிறார்கள்.

மாவைத் தேய்த்து ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்ட வேண்டும். ஒரு சதுரத்தின் மூலையைப் பலகையில் வைத்து, குச்சியை அதன்மேல் அழுத்தி முன்னே ஒரு உருட்டு. மாவு குச்சியைச் சுற்றிக்கொள்ளும், வெளிப்புறம் வரிவரியாக நத்தை ஓடு மாதிரி பதிந்துவிடும். குச்சியைச் சாய்த்தால் நழுவி விழும். கிறிஸ்துமஸ் சமயத்தில் சீப்பின் முதுகில் கல்கல் பலகாரம் உருட்டியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே வரும். எனக்குப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து உருட்டிய அனுபவம் உண்டு, அதனால் பத்தாவது நத்தையிலேயே பிடிபட்டுவிட்டது. வேகம்தான் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான் எழுபது உருட்டியபோது நேனி முன்னால் ஒரு குன்றே எழும்பியிருந்தது. பேச்சு ஒரு நொடி நிற்கவில்லை, கை பலகையைப் பார்க்கவும் இல்லை. வரிகள் வெறும் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அந்த வரிப்பள்ளத்திலும் நடுத்துளையிலும் சூப் தங்குகிறது. ஒரு கரண்டி எடுத்தால் ஒவ்வொரு நத்தையும் தன் பங்குச் சூப்போடு வருகிறது.

இரவு முழுக்கத் துணிமேல் பரப்பிக் காயவைத்தோம்.

மூன்றாம் ஞாயிறு

ஹங்கேரியில் மதியம் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடிக்கும். 1456இல் நாந்தோர்ஃபெஹேர்வார் கோட்டையில், இன்றைய பெல்கிரேடில், ஹுன்யாதி யானோஷின் படை ஒட்டோமான் படையை முறியடித்ததை அந்த மணியோடு சேர்த்துத்தான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். நேனிக்கு அது சூப் பரிமாறும் மணி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, காலை ஏழுக்குக் கோழி பாத்திரத்தில் இருக்க வேண்டும் என்றார்.

7.00. இந்த முறை 2 கிலோ கோழி. தொடை, நெஞ்சு, முதுகு, கழுத்து, நகம் வெட்டித் தோல் உரித்த கால், இரைப்பை, இதயம். ஈரல் வேண்டாம், கலக்கிவிடும். நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. மிதமான தீ, மூடி இல்லை.

7.50. ஓரங்களில் சாம்பல் நுரை. ஜல்லிக்கரண்டியால் வழிக்கத் தொடங்கினேன். கிளறக் கூடாது, கோழியைப் புரட்டக் கூடாது. மேலே வருவதை மட்டும் எடுக்க வேண்டும். இது அரை மணி நேர வேலை, பக்கத்திலேயே நிற்க வேண்டும். ரேடியோ போட்டுக்கொண்டு நின்றேன்.

8.25. நுரை வெளுத்து நின்றுவிட்டது. தோசைக்கல்லைப் பாத்திரத்துக்கு அடியில் தள்ளினேன். தோலோடு ஒரு முழு வெங்காயம் (பொன்னிறம் கொடுப்பது அந்தத் தோல்தான், வெளி அழுக்குச் சருகை மட்டும் நீக்கினேன்), மூன்று பல் பூண்டு, பதினைந்து மிளகு, இரண்டு காளான். ஒரு சின்னத் துண்டு இஞ்சி. ஆமாம், இங்கேயும் பல வீடுகளில் இந்தச் சூப்புக்கு இஞ்சி போடுகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் ஒரு வட்டத் துண்டு மட்டும்; கூடினால் சூப் ஊர் மாறிவிடும்.

அதற்குப்பின் ஒன்றரை மணி நேரம் எதுவும் செய்யவில்லை. எனக்கு இதுதான் மிகக் கடினமான கட்டம். நம் சமையலில் கை சும்மா இருக்காது. தாளிக்கும், வதக்கும், கிளறும், ருசி பார்த்துச் சேர்க்கும். இங்கே ஒவ்வொரு முறை கரண்டி விடுவதும் தெளிவைக் குறைக்கும். நெஞ்சுக்கறி மென்மையானதும், அதாவது பத்து மணி வாக்கில், அதை மட்டும் இடுக்கியால் எடுத்து ஒரு கரண்டி சூப்போடு மூடி வைத்தேன்.

10.00. காய்கள். நான்கு கேரட், மூன்று பார்ஸ்லி வேர் (தலை மேடாக இருப்பதைப் பார்த்து வாங்கியது), உள்ளங்கையளவு செலரிக் கிழங்கு, ஒரு இளம் நூல்கோல். எல்லாம் பெரிய துண்டுகள், கேரட் நீளவாக்கில் இரண்டாக. குளிர்ந்த காய் போட்டதும் வெப்பம் 84க்கு இறங்கியது, கால் மணியில் மீண்டது. 10.45க்கு ஒரு சுருக்குக் கோஸ் இலையும் நூலால் கட்டிய பார்ஸ்லிக் கொத்தும்.

11.15. ஓடு கட்டாத முட்டைகள் இந்தக் கோழியிலும் இருந்தன. மெதுவாக இறக்கினேன்.

11.30. தொடையில் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கியது. தீயை அணைத்தேன். நேனி அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீரை மேலே ஊற்றச் சொன்னார், மிதப்பது அடியில் படியும் என்று. இருபது நிமிடம் அசைக்காமல் விட்டேன். அதன்பின் பாத்திரத்தைச் சாய்த்து ஊற்றாமல், மேலிருந்து கரண்டி கரண்டியாக எடுத்து, நனைத்த மெல்லிய துணி வழியாக வடித்தேன். அடியில் தங்கிய ஒரு டம்ளர் கலங்கலைச் சேர்க்கவில்லை. மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

இதற்கிடையில் உப்புத் தண்ணீரில் நத்தைகள் எட்டு நிமிடம் வெந்தன. நூல் நூடுல்ஸுக்கு இரண்டே நிமிடம். வடித்து, வெந்நீரில் ஒருமுறை அலசி, சூப்பின் மேல் மிதந்த கொழுப்பில் ஒரு கரண்டி விட்டுக் குலுக்கினேன், ஒட்டாமல் இருக்க.

பரிமாறுவதிலும் முறை இருக்கிறது. தட்டில் முதலில் நூடுல்ஸ், அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சூப். காய்கள் ஒரு தட்டில், கறி ஒரு தட்டில், நடுவில் வைத்துவிட வேண்டும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். கறிக்குத் துருவிய டோர்மா வேர். வினிகர் கலந்தது, கடுகைப் போல மூக்கில் ஏறும். காரம் வேண்டுகிறவர்களுக்கு எரோஷ் பிஷ்தா என்ற அரைத்த மிளகாய் விழுது, சிவப்பு மூடிக் குப்பியில். கால் கரண்டி போட்டால் பொன் வட்டங்கள் சிவப்பாகிவிடும். எனக்கு அது பிடிக்கும், ஆனால் முதல் தட்டு அது இல்லாமல்தான் குடித்தேன்.

நேனி வழக்கம்போல முதலில் குடிக்கவில்லை. தன் வீட்டிலிருந்து நீலப் பூ போட்ட குழித்தட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். நத்தைகளை ஓரமாக ஒதுக்கி, தட்டின் நடுவைப் பார்த்தார். பூவின் இதழ் ஒவ்வொன்றும் தெரிந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுத்து ஒரு வாய், இன்னொரு வாய். பிறகு கறித்தட்டைத் தன் பக்கம் இழுத்து, "கழுத்தை யாருக்கும் கொடுத்துவிடவில்லையே?" என்று கேட்டார்.